பதினோரு மீட்டர் கப்பல்

நான் நுழைவுத் தாள்கள் எழுதிக்கொடுத்த கப்பல்களில் மிகப் பெரியது ஏறக்குறைய 300 மீட்டர் நீளம். மிகச் சிறியது 11 மீட்டர். பெரியதில் ஆயிரக்கணக்கில் கன்டெய்னர்கள், 22 மாலுமிகள். சிறியதில் ஒரு கணவர், ஒரு மனைவி, ஒரு பாய்மரம், கொஞ்சம் அரிசி, கொஞ்சம் புத்தகங்கள். இரண்டுக்கும் நான் தயார் செய்த ஃபைல் கட்டு ஏறக்குறைய ஒரே தடிமன்.

சென்னைத் துறைமுகத்தில் வாட்டர் கிளார்க்காக 33 வருடம் இருந்தேன். வீடு மந்தைவெளி, ஆபீஸ் லிங்கிச் செட்டித் தெரு. 1986ல் சேர்ந்தபோது பஸ்ஸில் பாரிமுனைக்குப் போய் இறங்குவேன். 1997ல் மயிலாப்பூர் வரை பறக்கும் ரயில் வந்த பிறகு, திருமயிலையில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கிவிடுவேன். எதிரே ராஜாஜி சாலை, சுங்க இல்லம், அதன் பின்னால் துறைமுகம்.

வாட்டர் கிளார்க் என்ற வேலை வெளியே பலருக்குத் தெரியாது. கப்பல் கம்பெனிக்காக இங்கே பொறுப்பேற்கும் ஸ்டீமர் ஏஜென்ட்டின் ஆள் அவன். கப்பல் வந்ததும் லாஞ்சில் போய், ஏணியைப் பிடித்து ஏறி, கேப்டன் முன்னால் முதல் ஆளாக நிற்பான். சுகாதாரம், சுங்கம், இமிகிரேஷன், துறைமுகம் என்று நாலு இடத்துக்கும் கேப்டனுக்கும் நடுவில் ஓடுவான். கப்பல் புறப்படும்போது போர்ட் கிளியரன்ஸ் தாளைக் கேப்டன் கையில் கொடுத்துவிட்டுக் கடைசி ஆளாக இறங்குவான். சரக்குக் கப்பல்கள்தான் எங்களுக்குச் சோறு. யாட் என்று சொல்லப்படும் வெளிநாட்டுப் பாய்மரப் படகுகள் என் 33 வருடத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே வந்தன. ஆனால் தொழில் என்று நான் கற்றதில் பாதி அந்தப் படகுகளிடம்தான்.

முதல் படகு 1993 ஜனவரியில் போர்ட் பிளேரிலிருந்து வந்தது. அங்கிருந்து இங்கே பயணிகள் கப்பலுக்கு மூன்று நாள் ஆகும். பாய் விரித்து வந்த அவர்களுக்கு எட்டு நாள் ஆகியிருந்தது. ஆபீசில் யாரும் அதைத் தொட விரும்பவில்லை. ஏஜென்சி கட்டணம் என்று பெரிதாக ஒன்றும் கிடைக்காது, வேலை மட்டும் முழுசாக இருக்கும். எங்கள் சீனியர் கிளார்க் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இத நீ பாரு. இதுல தப்பாம செஞ்சிட்டன்னா எந்தக் கப்பலும் உனக்குப் பயமில்ல" என்றார்.

லாஞ்ச் ஓட்டிய சாரங்கு அந்தப் படகைப் பார்த்ததும் எஞ்சினைக் குறைத்தார். "சார், ஏணியே வேணாம் சார், காலத் தூக்கி வெச்சா உள்ள போய்டலாம்" என்றார். அப்படித்தான் ஏறினேன். படகின் வலது பக்கம் மஞ்சள் கொடி கட்டியிருந்தார்கள். "எங்கள் படகில் நோயில்லை, சுகாதார அனுமதி கொடுங்கள்" என்று கேட்கும் கொடி அது. அதை இறக்கும்வரை அவர்கள் கரையில் கால் வைக்கக் கூடாது. நானும் துறைமுகச் சுகாதார அதிகாரி வந்து பார்ப்பதற்குள் அவர்களுடைய தண்ணீரைக்கூடக் குடிக்கக் கூடாது.

சின்ன மேசையில் காகிதங்களை விரித்தேன். 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்துக்கு வெளிநாட்டிலிருந்து வரும் எதுவும் கப்பல்தான். நீளம், எடை, ஆள் எண்ணிக்கை எதையும் அது கேட்பதில்லை. கப்பல் வந்த 24 மணி நேரத்துக்குள் சரக்குப் பட்டியல் கொடுக்க வேண்டும் என்பது அன்றைய விதி. சரக்கே இல்லாத படகுக்கும் "சரக்கு: இல்லை" என்று எழுதி ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். நாங்கள் அதை நில் மேனிஃபெஸ்ட் என்போம். அதன் பிறகு ஆட்கள் பட்டியல், பயணிகள் பட்டியல், ஆளுக்குரிய சொந்தச் சாமான் பட்டியல், கப்பல் பண்டங்கள் பட்டியல், பணம், ஆயுதம், மருந்து, விலங்கு, கடைசியாகத் தொட்ட துறைமுகங்கள், அந்தத் துறைமுகத்தின் கிளியரன்ஸ். அந்த மனைவி ஒவ்வொரு தாளிலும் கேப்டன் என்ற இடத்தில் கணவரின் பெயரையும், மாலுமி என்ற இடத்தில் தன் பெயரையும் பொறுமையாக எழுதினார். ஐந்தாவது தாளுக்கு வந்தபோது எழுந்துபோய்த் தேநீர் போட்டு வந்தார். அதற்குள் மஞ்சள் கொடி இறங்கியிருந்தது.

அன்று நான் ஒரு தப்பு செய்தேன். பண்டங்கள் பட்டியலை அவர் வாயால் சொல்லக் கேட்டு எழுதினேன், எந்த அலமாரியையும் திறந்து பார்க்கவில்லை. சுங்கத்தின் போர்டிங் அதிகாரி ஏறினார். நடுவயதுக்காரர், அதிர்ந்து பேசாதவர். உட்காரும் பலகையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஏழு ஒயின் பாட்டில்கள். என் பட்டியலில் நாலுதான் இருந்தது. கேப்டன் மறைக்கவில்லை. கடல் ஆட்டத்தில் உருளாமல் இருக்கட்டும் என்று மூன்றைத் துணியில் சுற்றிப் பலகைக்கு அடியில் வைத்ததை மறந்துவிட்டார். அதிகாரி என்னைப் பார்த்து, "இதுக்கு அவர் மட்டும் பதில் சொல்ல மாட்டார்னு தெரியுமா? 148வது பிரிவு படிச்சிருக்கீங்களா?" என்றார். அன்றிரவே படித்தேன். கப்பலின் பொறுப்பாளர் நியமிக்கும் ஏஜென்ட்டும் அவருக்குரிய கடமைகளுக்கும் தண்டனைக்கும் உட்பட்டவர் என்கிறது அந்தப் பிரிவு. பட்டியல் இன்னும் கையெழுத்தாகாததால் திருத்த விட்டார். ஏழு பாட்டில்களையும் ஓர் அலமாரியில் வைத்துச் சீல் போட்டார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, எந்தக் கப்பலிலும் கண்ணால் பார்க்காத பொருளை நான் பட்டியலில் எழுதியதில்லை.

அவர்களுடைய பெரிய பாய் வழியில் கிழிந்திருந்தது. தைக்க வேண்டும். இது சின்ன விஷயம் போலத் தோன்றும். வெளிநாட்டுக் கப்பலிலிருந்து துறைமுகக் கேட்டைத் தாண்டி எந்தப் பொருள் வெளியே வந்தாலும் அது இறக்குமதி. இறக்குமதி என்றால் வரி. பழுது பார்த்துத் திரும்பக் கொண்டுபோக வேண்டுமானால், முன்கூட்டியே சுங்கத்திடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கி, கேட்டில் காட்டி, அதே பொருளை அதே கேட்டில் திரும்பக் காட்ட வேண்டும். அதே பொருள்தான் என்று எப்படி நிரூபிப்பது? பாயில் படகின் எண் தைத்திருந்தது. நீளம், அகலம், கிழிசல் எங்கே, எத்தனை அடி என்று ஒரு படம் வரைந்து, அதில் அதிகாரியிடம் கையெழுத்து வாங்கினேன். பாயை நாலாக மடித்து, ஆட்டோவில் குறுக்கே வைத்து மந்தைவெளிக்குக் கொண்டுவந்தேன்.

எங்கள் தெருமுனையில் ஷாமியானாவும் லாரித் தார்ப்பாயும் தைக்கும் ஒருவர் இருந்தார். துணியை விரலால் தட்டிப் பார்த்தார். "அப்பளம் மாரி மொறமொறன்னு இருக்கே, இன்னா துணி சார்?" டெக்ரான், பாலியெஸ்டர் வகை என்றேன். ஊசி துளைத்த பழைய ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பழைய தையல் வளைந்து வளைந்து போயிருந்தது. நேர்த்தையல் போட்டால் காற்று இழுக்கும்போது துணி அந்த வரிசையிலேயே கிழியும் என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். ஒட்டு வைத்து, பழைய தையல் போன வழியிலேயே வளைத்துத் தைத்தார். இரண்டு நாள் வேலை. பாயைத் திருப்பிக் கொண்டுபோனபோது அந்த மாலுமி, தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, தைத்தவரின் பெயரைத் தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். பாயோடு சேர்ந்து உள்ளே வந்த ஒட்டுத்துணியை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்டில் ஒரு கேள்வி வந்தது. பழுதுக்குப் பயன்பட்ட உள்ளூர்ப் பொருள் என்று எழுதி முடித்தோம். அந்த ஒரு பாய்க்காக நான் எழுதிய தாள்கள் ஒன்பது. இன்றும் அந்த ஒன்பது தாளில் ஒன்றையும் தேவையற்றது என்று சொல்ல மாட்டேன். துறைமுகக் கேட்டு வழியாக 'பழுது' என்ற பெயரில் என்னென்ன வெளியே போயிருக்கின்றன என்று எனக்குத் தெரியும். நான் சொல்வது, ஒன்பது தாளையும் ஒரே மேசையில் வாங்கியிருக்கலாம் என்பதுதான்.

அவர்கள் மயிலாப்பூர் பார்க்க வந்தார்கள். கபாலீசுவரர் கோயில் குளத்துப் படியில் அரை மணி உட்கார்ந்தார்கள். தி.நகரில் பாண்டி பஜாரில் இரண்டு பருத்திச் சட்டை வாங்கினார்கள். அவற்றைப் படகுக்குக் கொண்டுபோக எந்தத் தாளும் வேண்டியிருக்கவில்லை என்று தெரிந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

விசாதான் யாட்டுகளுக்கு எப்போதும் முள். சரக்குக் கப்பல் மாலுமிக்குத் தொழில் புத்தகம் உண்டு. அதைக் காட்டினால் இமிகிரேஷன் கரையிறங்கும் பாஸ் கொடுக்கும், அவர் ஊரைப் பார்த்துவிட்டு இரவு கப்பலுக்குத் திரும்பிவிடுவார். யாட்டில் வருபவர் சட்டப்படி மாலுமியும் அல்ல, பயணச்சீட்டு வாங்கிய பயணியும் அல்ல. தன் படகைத் தானே ஓட்டி வரும் சுற்றுலாக்காரர். அவருக்கு விசா வேண்டும். இந்தியச் சுற்றுலா விசாவின் காலம் அது கொடுக்கப்பட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்கும், வந்து சேர்ந்த நாளிலிருந்து அல்ல. விமானத்தில் வருபவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பாங்காக்கில் விசா வாங்கி, புக்கெட்டில் அடிப்பாகம் சுரண்டி வர்ணம் அடித்து, காற்றுக்குக் காத்திருந்து, அந்தமானில் அனுமதி வாங்கித் தங்கிவிட்டு வருபவருக்கு, சென்னை கண்ணில் படும்போது விசாவில் பாதி கரைந்திருக்கும். ஒரு முறை நான் பார்த்த பாஸ்போர்ட்டில் பதினோரு நாள்தான் மிச்சம் இருந்தது. நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் சாஸ்திரி பவன் வளாகத்தில் இருக்கும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு அவரை நான்கு முறை கூட்டிப்போனேன்.

இப்போது மின் விசா வந்துவிட்டது. அதைக் கொண்டு கடல் வழியாக நுழைய மும்பை, கொச்சி, மர்மகோவா, மங்களூர், சென்னை என்ற ஐந்து துறைமுகங்களுக்கு அனுமதி தரப்பட்டது. சென்னை அந்தப் பட்டியலில் இடம்பெற்றது நல்ல காரியம். ஆனாலும் வந்து சேரும் நாளைச் சொல்லித்தான் விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. பாய்மரப் படகுக்காரரிடம் நாளைக் கேட்டால் அவர் காற்றைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்தது. தாக்கியவர்கள் கடல் வழியாக, ஒரு மீன்பிடிப் படகைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் வேலை மாறியது, மாறத்தான் வேண்டியிருந்தது. முன்பெல்லாம் சின்னப் படகு என்றால் அதிகாரிகளின் முகம் இளகும். அதற்குப் பிறகு சின்னப் படகு என்றால்தான் முகம் இறுகியது. எவ்வளவு முன்னால் தகவல் சொன்னாய், எங்கிருந்து வருகிறாய், ஒவ்வொரு இரவும் எங்கே இருந்தாய் என்று கேள்விகள் நீண்டன. 2012ல் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் துராயா, இரிடியம் போன்ற சாட்டிலைட் போன்களுக்கு எதிராக உத்தரவு போட்டது. தனியாகக் கடலைக் கடப்பவருக்கு அந்தப் போன்தான் உயிர். அதில்தான் மனைவியிடம் பேசுவார், வானிலை கேட்பார். நம் எல்லைக்குள் அனுமதியில்லாமல் அதை இயக்குவது குற்றம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் என் முதல் மின்னஞ்சலிலேயே மூன்று கேள்விகள் கேட்கத் தொடங்கினேன்: சாட்டிலைட் போன் உண்டா, துப்பாக்கி உண்டா, நாயோ பூனையோ உண்டா? மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் வணக்கம் சொல்லி அடுத்த வரி எழுதுவேன்.

துப்பாக்கி என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆபத்தில் சிவப்பு வெளிச்சம் விடும் ஃப்ளேர் பிஸ்டல் பல படகுகளில் இருக்கும். அது உயிர்காக்கும் கருவிதான். ஆனாலும் பட்டியலில் ஆயுதம் என்ற பத்தியில் அதை எழுதச் சொல்வேன். எழுதினால் சீல் போட்டு வைப்பார்கள், போகும்போது கிடைக்கும். எழுதாமல் விட்டு, சோதனையில் கிடைத்தால் கதையே வேறு. 2013 அக்டோபரில் தூத்துக்குடி அருகே பிடிபட்ட சீமேன் கார்டு ஓஹியோ கப்பலை எங்கள் தொழிலில் யாரும் மறக்க மாட்டார்கள். கடற்கொள்ளையர்களுக்கு எதிராகக் காவலர்களை ஏற்றியிருந்த கப்பல், அதில் ஆயுதங்கள், மொத்தம் 35 பேர். 2016ல் கீழ்க்கோர்ட் ஐந்து வருடத் தண்டனை கொடுத்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது. அந்த நாலு வருடத்தை அவர்களுக்கு யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆயுதப் பத்தியை நான் இரண்டு முறை படித்துக் காட்டுவதற்கு அதுதான் காரணம்.

பூனை கதை சுருக்கமானது. கரையில் இறக்கினால் பள்ளிக்கரணையிலுள்ள விலங்குத் தனிமைக் காப்பகத்தின் அனுமதி வேண்டும். இறக்காவிட்டால் பட்டியலில் எழுதினால் போதும். பூனைகள் படகிலேயே இருந்தன.

இனி நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணமான படகுக்கு வருகிறேன். 2011 பிப்ரவரி. காலை ஆறு மணிக்கு எனக்கு ஒரு போன். பெசன்ட் நகரில் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்துக்கு நேரே, அலை உடையும் இடத்துக்கு வெளியே, ஒரு பாய்மரப் படகு நங்கூரம் போட்டு நிற்கிறது, பாய் இல்லை, ஆள் ஒருவர் கையை ஆட்டுகிறார் என்று. அந்த வெள்ளை மண்டபம், 1930 டிசம்பர் 30 அன்று பிறரைக் காப்பாற்றக் கடலில் இறங்கி உயிரை விட்ட ஒரு வெளிநாட்டவருக்காகக் கட்டியது. கடலிலிருந்து பார்த்தால் கரையில் தனியாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் அவர் நங்கூரம் போட்டிருந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது? சுங்கச் சட்டத்தின் 29வது பிரிவு. வெளிநாட்டிலிருந்து வரும் கப்பல் சுங்கத் துறைமுகம் என்று அறிவிக்கப்பட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் முதலில் அணையக் கூடாது. பெசன்ட் நகர் சுங்கத் துறைமுகம் அல்ல. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைப் பார்த்து மயங்கி அங்கே நங்கூரம் போட நினைத்த ஒருவரிடம் நான் இதே பிரிவைத்தான் சொல்லித் தடுத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பிரிவு அத்தோடு முடியவில்லை. இரண்டாவது உட்பிரிவு, விபத்தாலோ புயலாலோ தவிர்க்க முடியாத வேறு காரணத்தாலோ வேறிடத்தில் ஒதுங்க நேர்ந்த கப்பலுக்கு இந்தத் தடை பொருந்தாது என்கிறது. ஒதுங்கியவர் உடனே பக்கத்துச் சுங்க அதிகாரிக்கோ காவல் நிலையப் பொறுப்பாளருக்கோ தெரிவிக்க வேண்டும். கேட்டால் பதிவேட்டைக் காட்ட வேண்டும். அனுமதியில்லாமல் சாமானை இறக்கவோ, ஆட்களை அந்த இடத்தை விட்டுப் போக விடவோ கூடாது. அந்த உட்பிரிவின் காப்புரை இன்னும் ஒரு படி மேலே போகிறது. உடல்நலம், பாதுகாப்பு, உயிரையோ உடைமையையோ காப்பது என்ற காரணங்களுக்காக ஆள் கரையேறுவதையும் பொருளை எடுத்துப்போவதையும் மேற்சொன்ன எதுவும் தடுக்காது.

இந்த மூன்றையும் நான் 1993ல் 148வது பிரிவைப் படித்த அதே இரவில் படித்திருந்தேன். பதினெட்டு வருடம் கழித்துத்தான் வேலைக்கு வந்தது.

ஊரூர் குப்பத்து மீனவர்கள் ஃபைபர் படகில் அவரிடம் ஏற்கெனவே போயிருந்தார்கள். தனி ஆள், அறுபதைத் தாண்டியவர். தாய்லாந்திலிருந்து இலங்கையின் காலித் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். நடுக்கடலில் சுக்கான் உடைந்து, பாயும் கிழிந்து, நீரோட்டத்தோடு வந்திருக்கிறார். இடது கை முழங்கை வரை வீங்கிச் சீழ் வைத்திருந்தது. இந்திய விசா இல்லை. இந்தியாவுக்கு வரும் எண்ணமே அவருக்கு இல்லை. குப்பத்தில் ஓர் அம்மா கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டிருந்தார். "ஆள எறக்கலாமா கூடாதா சார்? போலீசு வந்தா எங்களப் புடிக்குமா?" என்று கேட்டார் அந்தப் படகுக்காரர். அந்தக் கேள்வி நியாயமானது. இரண்டு வருடத்துக்கு முன்னால்தான், தெரியாத படகைப் பார்த்தால் உடனே சொல்லுங்கள், நெருங்காதீர்கள் என்று அவர்களுக்குக் கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தார்கள்.

நான் காவல் நிலையத்துக்குப் போய்ப் பொறுப்பிலிருந்த ஆய்வாளரிடம் 29வது பிரிவின் நகலை வைத்தேன். அவர் முழுவதையும் படித்தார். பிறகு கேட்டார்: "அப்ப, எனக்குத் தெரிவிக்கிறதே சட்டப்படி போதுமா?" போதும் என்றேன். எழுத்தில் வாங்கிக்கொண்டு, கடலோரக் காவல் குழுமத்துக்கும் கடலோரக் காவல்படைக்கும் சொன்னார். காவல்படையின் கிழக்கு மண்டலத் தலைமையகம் நேப்பியர் பாலத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நேரம் அதிகம் ஆகவில்லை. சுங்க அதிகாரிக்கு நான் தகவல் கொடுத்தேன். பதினோரு மணிக்கு அவரைக் கரையேற்றி, ஒரு காவலரோடு அடையாறில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் சொன்ன முதல் வார்த்தை, இன்னும் ஒரு நாள் தாமதமாகியிருந்தால் கையைக் காப்பாற்றியிருக்க முடியாது என்பதுதான்.

அவரைக் கொண்டுபோன அதே ஃபைபர் படகுகள் இரண்டு சேர்ந்து, சுங்கத்தின் ஒப்புதலோடு, படகைத் துறைமுகத்துக்கு இழுத்து வந்தன. இமிகிரேஷன் அவசரத் தங்கல் அனுமதி கொடுத்தது. அதற்கு அவருடைய நாட்டுத் தூதரகத்தின் கடிதம், மருத்துவச் சான்று, எங்கள் கம்பெனியின் உத்தரவாதம், என் சொந்தக் கையெழுத்து எல்லாம் தேவைப்பட்டன. கொடுத்தேன். சுக்கானைக் காசிமேட்டில் ஒரு படகுத் தச்சர் தேக்கில் புதிதாகச் செய்தார். மறுபடி அந்த ஒன்பது தாள்கள். பத்தொன்பதாம் நாள் அவர் காலிக்குப் புறப்பட்டார். போவதற்கு முன் குப்பத்துக்குப் போக வேண்டும் என்றார், அனுமதி கேட்டுக் கூட்டிப்போனேன். கஞ்சி கொடுத்த அம்மாவின் முன்னால் அவர் பேச வார்த்தையில்லாமல் நின்றார். "கை நல்லாயிடுச்சாப்பா?" என்று அந்த அம்மா தமிழில் கேட்டார். அவர் கையைத் தூக்கிக் காட்டினார்.

அந்தப் பத்தொன்பது நாளும் எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு மேசையில், விசா இல்லாதவரின் படகுக்கு நுழைவு எப்படிப் பதிவது என்றார்கள். இன்னொரு மேசையில், நுழைவு பதியாத படகின் ஆளுக்கு அனுமதி எப்படிக் கொடுப்பது என்றார்கள். இரண்டு மேசைக்கும் நடுவில் மூன்று நாள் நடந்தேன். கடைசியில் மூத்த அதிகாரி ஒருவர் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கால் மணி நேரத்தில் முடிந்தது.

2018ல் என் கடைசி யாட். அதற்குள் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. படிவத்தில் ஐ.எம்.ஓ. நம்பர் என்று ஓர் இடம். பெரிய கப்பல்களின் உடம்பில் நிரந்தரமாகப் பொறிக்கப்படும் ஏழு இலக்க எண் அது. 300 டன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பலுக்கும் 100 டன்னுக்கு மேற்பட்ட பயணிகள் கப்பலுக்கும் 1996 முதல் கட்டாயம். 12 டன் பாய்மரப் படகுக்கு அது கிடையாது. அந்த இடத்தைக் காலியாக விட்டால் திரை அடுத்த பக்கத்துக்குப் போகாது. பழக்கப்பட்டவர்கள் ஏழு பூஜ்யம் போடச் சொன்னார்கள். பொய் எண்ணைச் சுங்க ஆவணத்தில் எழுத என் கை வரவில்லை. மின்வழியில் கொடுக்க இயலாதபோது வேறு வழியில் கொடுக்க ஆணையர் அனுமதிக்கலாம் என்று 30வது பிரிவிலேயே இடம் இருக்கிறது. அதைச் சுட்டி மனு எழுதி, தாளில் கொடுத்தோம். இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் படகு துறைமுகத்துக்கு வெளியே வங்காள விரிகுடாவின் அலையில் ஆடிக்கொண்டிருந்தது, உள்ளே இருந்த பெண் ஏழு மாதக் கர்ப்பிணி.

சென்னைக்கு யாட் அதிகம் வராததற்குக் காகிதம் மட்டும் காரணமில்லை. மலேசியா, தாய்லாந்திலிருந்து செங்கடல் பக்கம் போகிறவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் வாடைக்காற்றைப் பிடித்து இலங்கைக்குத் தெற்கே போய்விடுகிறார்கள். அந்தக் காற்று சென்னையில் கரையை நோக்கி அடிக்கும், பாய்மரத்துக்கு ஆபத்தான கரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் வேறு. இதெல்லாம் இயற்கை, மாற்ற முடியாது. ஆனால் லங்காவியைப் பாருங்கள். 1987ல் வரியில்லாத் தீவு என்று அறிவித்தார்கள், இன்று இந்தியப் பெருங்கடலில் படகுகள் கூடும் இடம் அது. புக்கெட்டின் சாலோங் விரிகுடாவில் சுங்கமும் இமிகிரேஷனும் துறைமுகமும் படகுத்துறை ஓரத்திலேயே ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. நம் நாட்டில் கொச்சிக்குப் போல்காட்டியில் மரீனா இருக்கிறது.

சென்னைக்கு அதைவிடப் பழைய உரிமை உண்டு. இன்றைய துறைமுக வாயிலை வடகிழக்கு நோக்கித் திருப்பியவர் 1904 முதல் துறைமுகத் தலைவராக இருந்த ஃபிரான்சிஸ் ஸ்ப்ரிங். அவர் பாய்மரப் படகுப் பிரியர். 1911ல் மெட்ராஸ் யாட் கிளப்பைத் தொடங்கியவரும் அவர்தான். அந்த கிளப் இன்றும் துறைமுகத்துக்குள் அவர் பெயர் தாங்கிய ஸ்ப்ரிங்ஹேவனில்தான் இருக்கிறது. நம் பிள்ளைகள் இந்தச் சென்னைக் கடலில் பாய் பிடித்துப் பழகி ஒலிம்பிக் வரை போயிருக்கிறார்கள். வெளியூர்ப் பாய் ஒன்று வந்து நிற்க ஒரு 15 மீட்டர் சுவர் ஒதுக்குவது பெரிய காரியமில்லை.

2025 நல்ல தருணமாக வந்தது. ஒரே வருடத்தில் புதிய கப்பல் சட்டம், புதிய துறைமுகச் சட்டம் இரண்டையும் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1920, 1939, 1946ஆம் ஆண்டுகளின் பழைய பாஸ்போர்ட், வெளிநாட்டவர் சட்டங்களை நீக்கி, ஒரே குடியேற்றச் சட்டம் செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சரியான பயண ஆவணம் இல்லாமல் நுழைந்தால் ஐந்து வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது அது. அந்தக் கண்டிப்பை நான் எதிர்க்கவில்லை. கடற்கரை திறந்த வாசல், காவல் வேண்டும். யாட்டை இங்கேயே விற்க நினைப்பவரிடம் முழு வரி வாங்குவதையும் எதிர்க்கவில்லை. செப்டம்பர் 22 முதல் யாட்டுக்கு ஜி.எஸ்.டி.யே 40 சதவீதம், சுங்க வரி அதற்கு மேல். வந்து, தங்கி, திரும்பிப் போகிற இருவர் படகுக்குத் தனியாக ஒரு படிவம் வேண்டும். ஐ.எம்.ஓ. எண் கேட்காத, சரக்குப் பத்தி இல்லாத, சாட்டிலைட் போனும் ஃப்ளேர் பிஸ்டலும் பெயர் சொல்லிக் கேட்கிற, நாலு துறையும் ஒரே மேசையில் கையெழுத்துப் போடுகிற படிவம். அந்த மூத்த அதிகாரி தன் அறையில் கால் மணி நேரத்தில் செய்ததைத்தான் விதியாக எழுதக் கேட்கிறேன்.

அதுவரை, இப்போது வாட்டர் கிளார்க்காக இருக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். யாட் வந்தால் அலுத்துக்கொள்ளாதீர்கள். பலகையைத் தூக்கிப் பாருங்கள். 29வது பிரிவைத் தமிழில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், குப்பத்தில் கேட்டால் படித்துக் காட்ட அதுதான் உதவும்.

கடலோரம் வசிக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டினப்பாக்கத்திலோ திருவான்மியூரிலோ கோவளத்திலோ காலை நடையில், பாயில்லாத வெளிநாட்டுப் படகு ஒன்று அலைக்கு வெளியே நிற்பதைப் பார்த்தால், கடலோரக் காவல் குழுமத்தின் எண் 1093, கடலோரக் காவல்படையின் எண் 1554. உடனே கூப்பிடுங்கள். கூப்பிட்டுச் சொல்லும்போது, உள்ளே ஆள் இருக்கிறாரா, அவர் நலமாகத் தெரிகிறாரா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.